மலையில் கல்லூரி முதலாண்டு: வகுப்பறையில் என்ன எதிர்பார்ப்பார்கள்?

கேள்வி இது: கோத்தகிரி பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஊட்டியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறீர்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நீங்கள்தான். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், பஸ் தாமதமானால் என்ன செய்வது, ஆங்கிலத்தில் நடத்தினால் எப்படிச் சமாளிப்பது, அப்பா அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பறை ஒழுங்கு என்றதும் உடை, எழுந்து நிற்பது, பேசாமல் இருப்பது என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதலாண்டில் சிக்கலில் மாட்டுகிற பிள்ளைகளைப் பாருங்கள், அடாவடி செய்து மாட்டியவர்கள் குறைவு. வாய் திறக்காமல் இருந்து மாட்டியவர்கள்தான் அதிகம். வரவில்லை, ஏன் என்று சொல்லவில்லை. புரியவில்லை, கேட்கவில்லை. செமினார் நாளன்று காய்ச்சல், யாருக்கும் தகவல் இல்லை. பள்ளியில் இரண்டு நாள் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்கு போன் போடுவார். கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் ஒரு 'ஏ' (ஆப்சென்ட்) விழும், அவ்வளவுதான். ஆகவே முன்கூட்டிச் சொல்வது, சொன்னதை எழுத்தில் கொடுப்பது என்ற இரண்டையும் முதலில் பழகுங்கள். மலையிலிருந்து வந்துபோகும் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். மழையும் மூடுபனியும் சாலையும் நம் கையில் இல்லை, தகவல் சொல்வது நம் கையில் இருக்கிறது.

முதலில் வருகைக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீதம் தேவை, அதாவது 68 நாள் வந்திருக்க வேண்டும். மீதி 22 நாள்தான் உங்கள் கையிருப்பு. காய்ச்சல், கல்யாணம், துக்கம், ஊர்த் திருவிழா, தோட்டத்தில் பச்சை இலை குவிந்து வீட்டில் ஆள் போதாத நாள் எல்லாம் இந்த 22-க்குள் அடங்க வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றால் மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்து காண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும் அனுமதி) வாங்கித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத விடமாட்டார்கள். இன்னும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். இந்த எல்லைக்கோடுகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். கல்லூரி திறந்த வாரத்தில் தரும் காலண்டர் புத்தகத்தில் உங்களுக்கு உரியது அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அன்றைக்கே படித்துவிடுங்கள்.

நாள் கணக்கைவிட ஏமாற்றுவது பாடவேளைக் கணக்கு. சில கல்லூரிகளில் வருகையைப் பாடவாரியாகப் பார்ப்பார்கள். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் கால அட்டவணை கிழமைப்படி இல்லை, ஆறு நாள் சுழற்சி, டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை. 90 நாளில் 15 சுழற்சி வரும். ஒரு பாடத்துக்குச் சுழற்சிக்கு 5 வேளை என்றால் மொத்தம் 75 வேளை. அதில் சுழற்சிக்கு இரண்டு வேளை அந்தப் பாடம் முதல் மணியில் அமைந்து, உங்கள் பஸ் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வந்து, ஆசிரியர் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகே நீங்கள் உள்ளே நுழைந்தால், 30 வேளை போயிற்று. அந்தப் பாடத்தில் 60 சதவீதம்தான் மிஞ்சும். நீங்கள் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை, ஆனாலும் வருகைக் குறைவுப் பட்டியலில் உங்கள் பெயர் வரும். முதல் மணியில் எந்தப் பாடம், எந்த டே ஆர்டரில் வருகிறது என்று முதல் வாரமே குறித்துவைத்து, அந்த நாட்களிலாவது ஒரு பஸ் முன்னால் கிளம்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் மூடுபனி இறங்கினால் பஸ் ஊர்ந்துதான் வரும். ஜூன் மாதம் சரியாக வந்த அதே பஸ் டிசம்பரில் உங்களைக் கைவிடும்.

டே ஆர்டரில் இன்னொரு விஷயம். இடையில் மழை விடுமுறை வந்தால் சுழற்சி நகராது. டே ஆர்டர் மூன்று முடிந்து இரண்டு நாள் விடுமுறை என்றால், திறக்கும் நாள் டே ஆர்டர் நான்கு. கிழமையைப் பார்த்து நோட்டு எடுத்துவந்து, ஆய்வக நாளில் ரெக்கார்டு நோட்டும் ஆய்வகக் கோட்டும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கலாம்.

விடுமுறை அறிவிப்பையும் கவனமாகப் படியுங்கள். மாவட்ட ஆட்சியர் அறிவிப்பில் 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று இருக்கும் நாளும் உண்டு, 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்று இருக்கும் நாளும் உண்டு. நீலகிரியில் ஆறு வட்டங்கள்: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூருக்கு மட்டும் விடுமுறை விடுவதும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிக்கு மட்டும் விடுவதும் வழக்கம்தான். உங்கள் வீடு இருக்கும் வட்டத்துக்கு விடுமுறை, கல்லூரி இருக்கும் வட்டத்துக்கு இல்லை என்றால் கல்லூரி நடக்கிறது என்றுதான் பொருள். அன்று வர முடியாவிட்டால் அறிவிப்பைச் சுட்டிக்காட்டி மறுநாள் கடிதம் கொடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் பரிசீலிப்பார்கள், ஆனால் கேட்டால்தான். பல்கலைக்கழகத் தேர்வு நாளில் மழை விடுமுறை வந்தால் தேர்வும் தள்ளிப்போய்விட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். துறைக்கு போன் செய்து கேளுங்கள். மழையில் விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவார்கள். அந்தச் சனிக்கிழமைக்கும் வருகைப்பதிவு உண்டு.

பஸ் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். பஸ் நின்ற இடத்திலிருந்தே வகுப்பு ரெப்புக்கும் (மாணவர் பிரதிநிதிக்கும்), வகுப்பாசிரியர் அனுமதித்திருந்தால் அவருக்கும் ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். பெயர், வரிசை எண், எங்கே நிற்கிறீர்கள், எந்த வேளைக்கு வந்துவிட முடியும், இவ்வளவு போதும். பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மெஷின் டிக்கெட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும், அதுதான் சாட்சி. அந்த எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும் என்பதால் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று மதியத்துக்குள் கடிதம் எழுதி டிக்கெட்டைப் பின் செய்து கொடுத்துவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று (தேதி) காலை கோத்தகிரி–ஊட்டி சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றதால், 7.15-க்குப் புறப்பட்ட பேருந்து 10.40-க்கு ஊட்டி வந்து சேர்ந்தது. அதனால் முதல் வேளைக்கு என்னால் வர இயலவில்லை. பயணச்சீட்டை இணைத்துள்ளேன். வருகைப்பதிவில் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பெயர், முதலாமாண்டு வேதியியல், வரிசை எண்."

பெறுநர் இடத்தில் துறைத் தலைவர், 'வகுப்பாசிரியர் வழியாக' என்று ஒரு வரி. வகுப்பாசிரியரின் கையொப்பம் வாங்காமல் நேராகத் துறைத் தலைவரிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள். 'தவிர்க்க முடியாத காரணம்', 'சொந்த வேலை' என்று எழுதுகிற கடிதத்தில் கையொப்பம் கிடைக்கலாம், நம்பிக்கை கிடைக்காது. தோட்டத்தில் வேலை இருந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். இந்த மாவட்டத்து ஆசிரியர்களுக்கு அது தெரியாத காரியம் அல்ல.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டுக்குப் போகும் நாள் ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று பதிவாகும். போய்வந்த பிறகு ஓ.டி. கேட்டால் பாதி நேரம் கிடைக்காது. பொறுப்பு அலுவலரின் கையொப்பத்தோடு முந்தைய நாளே கொடுத்துவிட்டுப் போங்கள்.

வகுப்புக்குள் தாமதமாக நுழையும் முறையைச் சொல்கிறேன். வாசலில் வந்ததும் குரல் கொடுக்காதீர்கள். ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியட்டும், அவர் திரும்பிப் பார்த்ததும் 'மே ஐ கம் இன் சார்' என்றோ 'உள்ளே வரலாமா மேம்' என்றோ கேளுங்கள். தலையசைத்தால் உள்ளே போய், அருகில் எந்த இடம் காலியோ அங்கே உட்காருங்கள். தோழி வைத்திருக்கும் இடத்துக்காக ஐந்து பேரை எழுப்பிக்கொண்டு போக வேண்டாம். காரணத்தை அப்போது விளக்க வேண்டாம், வகுப்பு முடிந்ததும் போய்ச் சொல்லுங்கள். 'அட்டெண்டன்ஸ் போடுங்க சார்' என்று நடுவில் கேட்பது எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது.

நனைந்த குடையும் ரெயின்கோட்டும் வகுப்புக்கு வெளியே, நடைபாதையில். மழைநாளில் அறுபது குடைகள் உள்ளே வந்தால் தரை குளமாகும், யாராவது வழுக்கி விழுவார்கள். குடைக் காம்பில் பெயர் எழுதிவையுங்கள், எல்லாக் குடையும் கறுப்பு. பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் இருக்கட்டும். ஈரக் காலோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் பாடம் ஏறாது. ஸ்வெட்டர் போடலாம், தடையில்லை. ஆனால் ஐ.டி. கார்டு ஸ்வெட்டருக்கு மேலே தெரிய வேண்டும். குல்லா, மஃப்ளரை வகுப்புக்குள் கழற்றிவிடுங்கள். தேர்வறையில் கட்டாயம் கழற்றச் சொல்வார்கள். குளிருக்கு ஜன்னலை மூடிவைத்திருக்கும் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் வாசனை போகும். வர்க்கியை மேசைக்கடியில் வைத்து நொறுக்குவதும் அப்படித்தான், சத்தமும் கேட்கும், தூளும் கொட்டும். சாப்பாடு இடைவேளையில்.

ஆசிரியர்களை சார், மேம் என்றால் போதும். ஆய்வக உதவியாளர், நூலக ஊழியர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் அண்ணா, அக்கா, ஐயா, அம்மா. அலுவலகத்தில் சலான் கட்டும்போதும் போனஃபைடு சான்றிதழ் வாங்கும்போதும் இதே மரியாதை. சீனியர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அது பழக்கத்தில் வரட்டும், யாரும் மிரட்டி வாங்கக்கூடாது.

ஒரு வேளைக்கு ஆசிரியர் வராவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து, ரெப் துறைக்குப் போய்க் கேட்க வேண்டும். எல்லாரும் கேன்டீனுக்குக் கிளம்பிய பிறகு அவர் வந்து பெயர் கூப்பிட்டால் வகுப்பு முழுவதும் 'ஏ' வாங்கும்.

ஆங்கிலம். இதுதான் உங்களை உறுத்துகிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. நீலகிரிக் கல்லூரி வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆங்கிலம் பலருக்கும் பள்ளியில் கற்ற மொழிதான். ஆசிரியர்கள் பெரும்பாலும் கலந்துதான் நடத்துவார்கள். முதல் இரண்டு மாதம் இப்படிச் செய்யுங்கள்: நோட்டில் வலப்பக்கம் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கோடு போட்டு ஒதுக்குங்கள். புரியாத கலைச்சொல் காதில் விழுந்ததும் கேட்டபடியே தமிழ் எழுத்தில் அந்த ஓரத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் தேடி நின்றால் அடுத்த மூன்று வாக்கியம் போய்விடும். மாலையில் பஸ்ஸிலோ வீட்டிலோ பாடநூலைப் பார்த்து ஆங்கில எழுத்தில் திருத்தி, பக்கத்தில் பிளஸ் டூவில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். 'எலக்ட்ரோநெகட்டிவிட்டி' என்று ஓரத்தில் எழுதியது நீங்கள் ஏற்கெனவே படித்த எலக்ட்ரான் கவர்தன்மை என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விடும். வேதியியலில் பிளஸ் டூ தமிழ் வழியில் படித்தவருக்கு விஷயம் தெரியும், பெயர்தான் புதிது.

தேர்வைத் தமிழில் எழுதலாமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. ஆங்கில வழிப் பாடமாக இருந்தாலும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பாடத்துக்கு அது எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று துறைத் தலைவரிடம் முதல் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டுப் பயனில்லை.

சந்தேகம் கேட்கும்போது 'எதுவும் புரியலை சார்' என்று சொல்லாதீர்கள். ஆசிரியருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து அதே வேகத்தில் சொல்வார். 'இரண்டாவது படியில் மைனஸ் குறி எப்படி வந்தது' என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். தமிழில் கேட்கலாம், தவறில்லை. வகுப்பில் வாய் வரவில்லை என்றால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் பின்னாலேயே போய் நடைபாதையில் கேளுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு உங்கள் முகமும் பெயரும் பதியும். பின்னாளில் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான். பக்கத்து மாணவி சந்தேகம் கேட்கும்போது சிரிக்காதீர்கள். ஒருவர் கேட்டதற்கு வகுப்பு சிரித்தால் அந்த வருடம் முழுக்க வேறு யாரும் கேட்கமாட்டார்கள், நஷ்டம் எல்லாருக்கும்.

கைபேசி சைலண்டில், பைக்குள். கரும்பலகையைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஆசிரியரைக் கேட்காமல் படமோ வீடியோவோ எடுத்துப் பகிர்வது பெரிய தவறு, துறை விசாரணை வரைக்கும் போகும். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினால் முதல் வரியிலேயே பெயரும் வகுப்பும் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம், 'ஹாய் சார்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் வேண்டாம். காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் மின்கம்பியில் விழும், கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். ஆன்லைனில் கொடுக்க வேண்டியதைக் கடைசி நாள் இரவுக்கு வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னதாக, சிக்னல் இருக்கும் ஊட்டியிலிருந்தே அனுப்பிவிட்டு பஸ் ஏறுங்கள்.

பல கல்லூரிகளில் 25 மதிப்பெண் இன்டர்னல் (கல்லூரியே போடுவது), 75 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 25 உள்தேர்வு, அசைன்மென்ட், செமினார், சில இடங்களில் வருகை என்று பிரிந்து கிடக்கும். அசைன்மென்டில் மதிப்பெண் போவது அறியாமையால் அல்ல, நேரத்தால். நாள் கடந்து கொடுத்ததை ஆசிரியர் வாங்கிக்கொள்ளலாம், மதிப்பெண் குறையும். தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினால் இருவருடையதும் ஒரே இடத்தில் தவறியிருக்கும், திருத்துகிறவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். சாட்ஜிபிடியிடம் வாங்கி அப்படியே எழுதினாலும் அதே கதைதான். 'இந்த வரியை விளக்கு' என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. புரிந்துகொள்ள அதைக் கேளுங்கள், எழுதுவது உங்கள் வாக்கியமாக இருக்கட்டும், உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி ஆய்வகம். வேதியியல் படிக்கப்போகிறீர்கள், ஒழுங்கு தவறினால் உடம்பில் காயம் படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர்தான் இங்கே முதல் ஆபத்து. செயற்கை நூல் ஸ்வெட்டரின் தளர்ந்த கைப்பகுதி பர்னர் சுடரில் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கைகளை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, மேலே பருத்திக் கோட்டை மாட்டிப் பொத்தான் போடுங்கள். சால்வை, மஃப்ளர், துப்பட்டா முனை எதுவும் தொங்கக்கூடாது. முடியைக் கட்டுங்கள். விரல் மரத்துப்போன நிலையில் பியூரெட்டை (அளவு குறித்த கண்ணாடிக் குழாயை) பிடிக்காதீர்கள். உள்ளே வந்ததும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். கண்ணாடிச் சாமான் உடைவது பெரும்பாலும் காலை முதல் வேளையில்தான். உடைந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒரு பிரேக்கேஜ் கட்டணத்தோடு போய்விடும். சிங்கில் மறைத்த கண்ணாடித் துண்டு அடுத்தவர் கையைக் கிழிக்கும்.

கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் சுமார் 16.6 டிகிரி செல்சியஸில் உறையும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி ஆய்வகத்தில் காலையில் புட்டியைச் சாய்த்தால் ஒரு சொட்டும் வராது, உள்ளே பனிக்கட்டி போல வெள்ளையாக இறுகியிருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பர்னரில் காட்டவும் வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, கண்ணாடியும் வெடிக்கும். லேப் அண்ணாவிடம் சொன்னால் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி உருக்கித் தருவார். காஸ்டிக் சோடா வில்லைகளை எடுத்ததும் மூடிவிடுங்கள். மூடுபனிக் காற்றில் அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், அடுத்து எடுப்பவரின் எடைக்கணக்கு தவறாகும்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலை காணும் சோதனையில் உங்கள் அளவு புத்தக அளவைவிடக் குறைவாகத்தான் வரும். புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே என்று அப்சர்வேஷன் நோட்டில் (செய்யும்போதே அளவுகளைக் குறிக்கும் நோட்டு) 100 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. பயத்தால் செய்வதுதான், ஆனால் அது பொய்க் கணக்கு. வந்த அளவை எழுதி, அறையின் காற்றழுத்தத்தையும் குறித்து, வேறுபாட்டுக்கு உயரம் காரணம் என்று ஒரு வரி சேருங்கள். உருகுநிலை இப்படி உயரத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறாது. அது மாறி வந்தால் பொருளில் கலப்படம் இருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த முதலாண்டு மாணவியை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார். டைட்ரேஷனிலும் (தரம்பார்த்தலிலும்) அப்படித்தான். பக்கத்து மேசை அளவைப் பார்த்து எழுதாதீர்கள். தேர்வில் ஆளுக்கு ஆள் கரைசலின் செறிவு வேறாக இருக்கும்.

சோதனை முடிந்த அன்றே அப்சர்வேஷனில் கையொப்பம், அடுத்த ஆய்வக வகுப்புக்குள் ரெக்கார்டு. ரெக்கார்டு முழுமையாகிக் கையொப்பமாகாமல் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். பன்னிரண்டு சோதனையையும் கடைசி வாரத்தில் எழுத உட்கார்ந்தால் படங்களுக்கே மூன்று இரவு போகும்.

செமினாருக்குப் பத்து நிமிடம் தந்தால் எட்டு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். ஒரு கருத்து, ஒரு சமன்பாடு, ஒரு எடுத்துக்காட்டு போதும். தாளைப் பார்த்துப் படித்தால் மதிப்பெண் குறையும். முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுக்கம் அடங்கிவிடும். மற்றவர் பேசும்போது உங்கள் செமினாரைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

சக மாணவர்கள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இங்கே உங்களோடு படிப்பார்கள். நிறம், பேச்சு, ஊர்ப்பெயர், உணவு எதை வைத்தும் கிண்டல் வேண்டாம். சாதியைக் கேட்காதீர்கள், யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. குழுவாகச் சேர்ந்து வேலை செய்யும்போது எல்லாருக்கும் தெரிந்த மொழியில் பேசுங்கள். நால்வர் படுகவிலோ மலையாளத்திலோ பேசிக்கொண்டால் ஐந்தாவது ஆள் வேலையிலிருந்தே விலகிவிடுவார். நோட்ஸ் கேட்டால் கொடுங்கள், மழைக்காலத்தில் அடுத்த முறை கேட்கப்போவது நீங்களாக இருக்கலாம்.

சீனியர்கள் பாட்டுப் பாடச் சொல்வது, ஓடச் சொல்வது, காசு கேட்பது எல்லாம் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே இதற்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தேசிய உதவி எண் 1800-180-5522, கட்டணமில்லை. ஆசிரியரோ ஊழியரோ மாணவரோ, யார் தகாத முறையில் பேசினாலும் நடந்தாலும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர் யார் என்று அன்றே குறித்துவையுங்கள். மரியாதை என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, பெற்றோர். சேர்க்கை நாள், பெற்றோர் ஆசிரியர் கூட்டம், வருகை மிகவும் குறைந்தால், ஒழுங்கு நடவடிக்கை என்றால் கூப்பிடுவார்கள். எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர் ஊட்டி வந்துபோக ஒரு நாள் கூலி போகும் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லி, போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு வசதியாக முதல் வாரமே வகுப்பாசிரியரின் பெயரையும் துறை எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சேர்க்கைப் படிவத்தில் கொடுத்த பெற்றோர் எண் இன்னும் செயல்படுகிறதா என்றும் பாருங்கள். சிம் மாற்றிவிட்டுக் கல்லூரியில் சொல்லாமல் விட்டால், வருகைக் குறைவுச் செய்தி யாருக்கும் போய்ச்சேராது.